ஃபயர்பால் மூலை திரும்புமா? ஸ்பெல் விதிய எப்படிப் படிக்கறது

தம்பி, உங்க கேள்வி நீளமா இருந்துச்சு, மத்தவங்களுக்கும் புரியணும்னு மொதல்ல சுருக்கி சொல்லிடறேன். கடலூர் முதுநகர்ல நீங்க அஞ்சு பேரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒக்காந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடறீங்க, அதாவது ஆளுக்கொரு வேஷம் எடுத்து டைஸ் உருட்டி ஆடற கதை ஆட்டம், சுருக்கமா டிஎன்டி, நீங்கதான் டிஎம், கதைய நடத்தி விதிய முடிவு பண்ற டன்ஜன் மாஸ்டர். சுரங்கத்துல சண்டை நடக்கும்போது விசார்ட், அதாவது மந்திரவாதியா ஆடற பொண்ணு, ஃபயர்பால்ங்கற நெருப்பு உருண்டை ஸ்பெல்ல (மந்திரத்த) போட்டாங்க, பாதை 'ட' மாதிரி மடங்கற எடத்துக்கு அந்தப்பக்கம் உங்க பார்ட்டியோட ரோக், பதுங்கி வேலை பாக்கற ஆளு, ஒளிஞ்சிருந்தாரு, நெருப்பு மூலைய சுத்தி வரும்னு நீங்க சொல்ல, ரோக்கோட உயிர்க் கணக்கான ஹிட் பாயிண்ட் 0க்குப் போயி, பொழைப்பாரான்னு டைஸ் போடற டெத் சேவ் மூணு தவறி அவரு செத்தே போயிட்டாரு. "என் புக்குல அப்படி எழுதவே இல்ல"ன்னு சொல்லிட்டு அந்த விசார்ட் பொண்ணு எழுந்து போனவங்கதான், ரெண்டு வாரமா ஆட்டம் இல்ல. கூடவே இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கீங்க: தண்ணி உண்டாக்கற ஸ்பெல்ல எதிரியோட நுரையீரல்ல தண்ணி ரொப்பலாமா, ஒருத்தர பேச்சால இணங்க வைக்கற சஜஷன் ஸ்பெல்ல "நியாயமா படணும்"னா யாருக்கு நியாயமா படணும்.

நான் பாண்டில முத்தியால்பேட்டைல மொட்டமாடில பல வருஷமா இத நடத்தறேன், இந்த மூணு சண்டையும் எங்க டேபிள்லயும் நடந்ததுதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ஃபயர்பால்ல ஆரம்பிக்கலாம். உங்க புக்கு எது, அவங்க புக்கு எது? இத யாரும் கேக்கலன்னு நெனைக்கறேன். 2014ல வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்ல, அதாவது ஆடறவங்களுக்கான 5ஆம் எடிஷன் விதிப் புத்தகத்துல, ஃபயர்பால்ல நெருப்பு மூலைகள சுத்திப் பரவும்னு தனியா ஒரு வாக்கியம் இருக்கு. 2024ல திருத்தி வந்த புக்குல அந்த வாக்கியம் இல்ல, எடுத்துட்டாங்க. 20 அடி ஆரம், 8டி6 (ஆறு முக டைஸ் எட்டு) நெருப்பு டேமேஜ், டெக்ஸ்டரிட்டி சேவ் (தப்பிக்கப் போடற டைஸ், முழுசா சொன்னா சேவிங் த்ரோ) ஜெயிச்சா பாதி, இதெல்லாம் ரெண்டுலயும் ஒண்ணுதான், அதனால ரெண்டு பேரும் ஒரே ஸ்பெல்லத்தான் படிக்கறோம்னு நெனச்சுக்கிட்டு வேற வேற ஸ்பெல்ல படிச்சிருக்கீங்க. நீங்க சொன்னதும் புக்குல இருக்கு, அவங்க சொன்னதும் உண்மை. பொய் சொன்னது யாருமே இல்ல, அத மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க, பாதிக் கோவம் அதுலயே போயிடும்.

சரி, அந்த வாக்கியம் இருந்தா என்ன ஆவும், இல்லன்னா என்ன ஆவும்? இங்கதான் பொது விதி சிறப்பு விதி வருது. ரெண்டு புக்குலயும் ஒரு பொது விதி இருக்கு: ஸ்பெல் தொடங்கற புள்ளிலேர்ந்து நேர்கோட்டுல பரவும், அந்தப் புள்ளிலேர்ந்து ஒரு எடத்துக்குத் தடை இல்லாம நேர்கோடு போடவே முடியலன்னா அந்த எடம் ஸ்பெல்லோட எல்லைக்குள்ள வராது. எல்லா ஸ்பெல்லுக்கும் அது பொருந்தும், ஆனா ஒரு ஸ்பெல் தனக்குன்னு வேற சொன்னா ஸ்பெல் சொல்றதுதான் நிக்கும். இது ஏதோ புது சங்கதின்னு நெனைக்காதீங்க, நம்ம பத்தாங்கிளாஸ் தமிழ் எலக்கணத்துல படிச்சதேதான். இ, ஈ, ஐ-ல முடியற சொல்லுக்கு அடுத்து உயிரெழுத்து வந்தா நடுவுல 'ய்' வரும்னு நன்னூல் பொதுவா சொல்லிடுது, மணி அடி சேந்தா மணியடி. அப்போ 'இ'ங்கற சுட்டெழுத்தும் 'ஊர்'ங்கற சொல்லும் சேந்தா இயூர்னு ஆவணுமே, ஆவலையே, இவ்வூர்னுதானே சொல்றோம், ஏன்னா சுட்டெழுத்துக்குன்னு பவணந்தி தனியா ஒரு சூத்திரம் வச்சிருக்காரு. பொது விதி தப்புன்னு யாரும் சொல்லல, அந்த எடத்துல மட்டும் சிறப்பு விதி முன்னாடி நிக்குது. 2014 ஃபயர்பால்ல மூலைய பத்தின வாக்கியம் அப்படிப்பட்ட சிறப்பு விதி. 2024ல அத எடுத்த உடனே பொது விதி தானா திரும்பி வந்துடுது, நெருப்பு மூலைல நின்னுடும்.

பீச் ரோட்டுலேர்ந்து உள்ள வர்ற ஏதாவது ஒரு ஒயிட் டவுன் தெரு முனைல ராத்திரி நின்னு பாருங்க, அங்க தெருவெல்லாம் நேர் நேரா வெட்டிக்கும். டார்ச் அடிச்சீங்கன்னா வெளிச்சம் முனைல இருக்கற செவுத்தோட நின்னுடும், பக்கத்துத் தெருவுக்குள்ள போவாது, ஆனா கடக்காத்து அதே முனைய வளைஞ்சு உள்ள வந்து சட்டைய தூக்கும். பொது விதி டார்ச் மாதிரி, 2014 ஃபயர்பால் காத்து மாதிரி. ஆனா காத்தே ஆனாலும் வழி வேணும், முழுசா அடைச்ச செவுத்தையோ சாத்தின கதவையோ தாண்டாது, சுத்தி வர சந்து இருந்தாத்தான் வரும்.

இப்போ உங்க கணக்குக்கு வர்றேன். நெருப்பு வெடிச்ச புள்ளிலேர்ந்து மூலைக்கு 15 அடி, மூலைலேர்ந்து ரோக் நின்ன எடம் 10 அடின்னு எழுதியிருக்கீங்க. குறுக்கால நேரா அளந்தா சுமார் 18 அடி, கட்டத்துல குறுக்க எண்ணினா மூணு கட்டம், அதாவது 15 அடி, எப்படிப் பாத்தாலும் 20 அடிக்குள்ள. ஆனா நெருப்பு வளைஞ்சு வர்ற பாதைய அளந்தா 15ம் 10ம் 25 அடி, வெளில போயிடுது. 2014 புக்கு "20 அடி உருண்டை, மூலைய சுத்தி பரவும்"னு மட்டும் சொல்லுது, பாதைய அளக்கணுமா நேரா அளக்கணுமான்னு சொல்லல. எழுத்த அப்படியே எடுத்தா உருண்டைக்குள்ள இருக்காரு, வழியும் இருக்கு, அதனால பட்டுச்சு, உங்க ரூலிங் சரிதான். எங்க டேபிள்ல பாதையத்தான் அளப்போம், மொட்டமாடில சாக்பீஸ்ல கோலத்துக்கு வைக்கற மாதிரி நேர்ப்புள்ளி வச்சு ஆடறதால ஸ்பெல் எப்பவும் ஒரு புள்ளில வெடிக்கும், அங்கேர்ந்து புள்ளி புள்ளியா எண்ணிட்டு வந்தா சின்னப் பையனுக்கும் புரியும், நெருப்பு ஓடி வர்ற மாதிரியும் இருக்கும். ஆனா இது எங்க வழக்கம், புக்கு இல்ல.

இதுல இன்னொரு கொழப்பம் எங்கேர்ந்து வருதுன்னா பழைய எடிஷன் ஆடின அண்ணனுங்ககிட்டேர்ந்து. அந்தக் காலத்து அட்வான்ஸ்டு டிஎன்டில ஃபயர்பால் தன்னோட முழு கன அளவையும் ரொப்பியே தீரும். 20 அடி ஆரம் உருண்டைன்னா சுமார் 33,500 கன அடி. 10 அடி அகலம் 10 அடி ஒசரம் இருக்கற சுரங்கப்பாதைல அத ஊத்தினா ரெண்டு பக்கமும் சேத்து 335 அடி நீளத்துக்கு நெருப்பு ஓடும், போட்டவன் மேலயே திரும்பி வந்து அடிக்கும். கேக்க ரொம்ப நல்லாத்தான் இருக்கு, ஆனா 5ஆம் எடிஷன்ல அந்தக் கணக்கே கெடையாது, சின்ன ரூம்ல போட்டாலும் நெருப்பு அமுங்கி நீளாது. "மூலைய சுத்தி பரவும்"ங்கற வாக்கியத்த படிக்கற பெரியவங்க மனசுல அந்தப் பழைய படம்தான் ஓடுது, அதனால புக்குல இல்லாததெல்லாம் உள்ள வந்துடுது. யாராவது "எனக்குத் தெரியும், இப்படித்தான்"னு சொன்னா எந்த எடிஷன்னு கேளுங்க.

அடுத்து, நான் ரொம்ப முக்கியமா நெனைக்கற விஷயம். நாம தமிழ்ல ஆடறோம், புக்கு இங்கிலீஷ்ல இருக்கு, டிஎம் படிச்சுட்டு தமிழ்ல சொல்றாரு, சண்டைல பெரும்பாதி அந்த சொல்ற எடத்துலதான் பொறக்குது. நூல் எழுதறதுக்கு 32 உத்தி சொல்லும் நன்னூல், அதுல ஒண்ணு தன்குறி வழக்கம் மிக எடுத்துரைத்தல், அதாவது நூலாசிரியர் தனக்குன்னு வச்சுக்கிட்ட குறிச்சொல்ல திரும்பத் திரும்ப அதே அர்த்தத்துல எடுத்தாளுறது. இந்த ரூல் புக்கும் அப்படித்தான் எழுதியிருக்கு. அட்டாக், கிரீச்சர், ஆப்ஜெக்ட், டார்கெட் இதெல்லாம் குறிச்சொல். மத்ததெல்லாம் சாதா சொல்லு, அகராதில என்ன அர்த்தமோ அதான். எது குறி எது சாதான்னு பிரிச்சுட்டாலே கஷ்டம் பாதி தீந்துது.

ஆள கண்ணுக்குத் தெரியாம மறைக்கற இன்விசிபிளிட்டி ஸ்பெல்ல எடுத்துக்கோங்க. 2014ல, அந்த ஆளு அட்டாக் பண்ணினாலோ ஸ்பெல் போட்டாலோ மறைவு கலைஞ்சுடும்னு இருக்கு. இத "தாக்கினா கலைஞ்சுடும்"னு தமிழ்ல சொல்லிட்டீங்கன்னு வைங்க, மேலேர்ந்து பாறைய உருட்டி விட்டா அது தாக்குதல் இல்லையான்னு ஒருத்தர் கேப்பாரு, நம்ம பேச்சுல அது தாக்குதல்தான், ஆனா புக்குல அட்டாக்னா பொதுவா அட்டாக் ரோல், அதாவது அடி படுதான்னு பாக்கற டைஸ், போட்டாத்தான் அட்டாக், பாறைய உருட்டறதுக்கு டிஎம் ரோல் கேக்கலன்னா மறைவு கலையாது. 2024ல இதையும் அடைச்சுட்டாங்க, அட்டாக் ரோல் போட்டாலோ டேமேஜ் குடுத்தாலோ ஸ்பெல் போட்டாலோ உடனே முடியும்னு மாத்திட்டாங்க. அதே மாதிரி ஃபயர்பால்ல "ஒவ்வொரு கிரீச்சரும்"னு இருக்கறத நாம அவசரத்துல "எதிரிங்க எல்லாரும்"னு சொல்லிடறோம், அப்புறம் சொந்த ஆளு மேல பட்டா அநியாயம்னு தோணுது. ஸ்பிரிட் கார்டியன்ஸ்ங்கற ஸ்பெல்ல யாரு மேல படக்கூடாதுன்னு போடறவரு குறிச்சு வச்சுக்கலாம்னு தனியா எழுதியிருக்கு, ஃபயர்பால்ல அப்படி எழுதல. அதனால குறிச்சொல்ல தமிழ்ப்படுத்தாதீங்க, அட்டாக்க அட்டாக்னே சொல்லுங்க. வர்ணனைய மட்டும் தமிழ்ல பொங்கப் பொங்க சொல்லுங்க.

இப்போ தண்ணி. கிரியேட் ஆர் டிஸ்ட்ராய் வாட்டர் 1ஆம் லெவல் ஸ்பெல், கிளெரிக்கும் (பூசாரி) டுரூயிடும் (இயற்கை மந்திரவாதி) போடுவாங்க, 30 அடிக்குள்ள ஒரு தெறந்த பாத்திரத்துல 10 கேலன் வரைக்கும் தண்ணி வரும். 10 கேலன்னா 38 லிட்டர் பக்கம், வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் கேன் கிட்டத்தட்ட ரெண்டு. உங்க கிளெரிக் கேக்கறது, வாய் தெறந்திருக்கு, உள்ள நுரையீரல் காலியா இருக்கு, அது தெறந்த பாத்திரம்தானேன்னு. இல்ல. 'பாத்திரம்' இங்க சாதா சொல்லு, நாம எத பாத்திரம்னு சொல்லுவோமோ அதான் பாத்திரம், யாரும் நுரையீரல்ல தண்ணி புடிச்சு வைக்கறதில்ல. அதுக்கு மேல, ஸ்பெல் போட டார்கெட் வரைக்கும் தடை இல்லாத வழி வேணும்னு ஒரு பொது விதி இருக்கு, தொண்டைக்குள்ள எறங்கி வளைஞ்சு போற எடத்துக்கு அந்த வழி இல்ல.

இந்த ரெண்டுமே அவருக்கு ஒத்துவரலன்னா எடைய காட்டுங்க. ஒரே சொல்லுல ஒருத்தர கொல்லணும்னா பவர் வேர்ட் கில்னு ஒரு ஸ்பெல் இருக்கு, அது 9ஆம் லெவல், அதுவும் 100 ஹிட் பாயிண்ட் இல்ல அதுக்குக் கொறைவா இருக்கறவங்களத்தான் நேரா சாவடிக்கும். 17ஆம் லெவல் வந்த விசார்ட் நாளைக்கு ஒரு தடவ போடறத, நேத்து ஆட வந்த 1ஆம் லெவல் கிளெரிக் சேவிங் த்ரோவே இல்லாம பண்ணிடலாம்னா, அப்படிப் படிக்கறது தப்பான படிப்புன்னு தராசே சொல்லிடுது. ஒரு ஸ்பெல்லோட அர்த்தத்துல சந்தேகம் வந்தா அதே லெவல்ல இருக்கற மத்த ஸ்பெல் என்ன பண்ணுதுன்னு பக்கத்துல வச்சுப் பாருங்க. நன்னூல் உத்திலயே ஒப்பின் முடித்தல்னு ஒண்ணு இருக்கு, ஒத்த ஒண்ண வச்சு முடிவு பண்றது, இதுவும் அதான்.

ஆனா அந்த கிளெரிக்க வெறுங்கையோட அனுப்பாதீங்க. எங்க ஆட்டத்துல ஒரு பழைய துறைமுகக் கோட்டை வந்துச்சு, மதில் மேல பீரங்கி, ஒரு பையன் பீரங்கி வாய்க்குள்ள தண்ணி ரொப்பறேன்னான். பீரங்கி ஒரு பக்கம் தெறந்த குழா, வாய் மேல் பக்கமா சாஞ்சிருந்துச்சு, உள்ள தண்ணி நிக்கும், அவனுக்கு வாய் தெரிஞ்சுது, வழியும் இருந்துச்சு. போட்டுக்கோன்னேன், மருந்து நனைஞ்சு அந்தப் பீரங்கி அன்னிக்கு வெடிக்கல, டேபிளே எழுந்து கத்துச்சு. அந்த சந்தோஷத்துக்காகத்தான் நாம ஆடறோம்.

சஜஷனுக்கு வருவோம். 2014ல, சொல்ற காரியம் நியாயமா தோணற மாதிரி சொல்லணும்னு இருக்கு, அதுக்கு புக்கே குடுக்கற உதாரணம் ஒரு வீரப் பொண்ணு மொதல்ல எதுக்க வர்ற பிச்சக்காரருக்குத் தன்னோட போர்க்குதிரைய குடுத்துடணும்ங்கறது. அந்த உதாரணத்த நல்லா பாருங்க, போர்க்குதிரைய யாராவது அப்படி குடுப்பாங்களா? குடுக்க மாட்டாங்க, அப்போ காரியமே நியாயமா இருக்கணும்னு புக்கு கேக்கல, காதுல விழறப்போ நியாயமா ஒலிச்சா போதும்னு கேக்குது. விதில சந்தேகம் வந்தா உதாரணத்தையும் விதியாவே படிக்கணும். இது தெரியாத டிஎம் "அந்தக் காவக்காரன் ஏன் அப்படி பண்ணுவான்"னு சொல்லியே ஸ்பெல்ல சாவடிச்சுடறாங்க, அது தப்பு, அதுக்குத்தான் விஸ்டம் சேவ் வச்சிருக்கு. தன்னத் தானே குத்திக்கோ, நெருப்புல குதின்னு சொன்னா மட்டும் அந்த ஸ்பெல் முடிஞ்சுடும். 2024ல நியாயங்கறதையே எடுத்துட்டு, செய்யக்கூடியதா இருக்கணும், அவருக்கோ அவரு கூட்டாளிக்கோ வெளிப்படையா டேமேஜ் வர்றதா இருக்கக்கூடாதுன்னு வச்சுட்டாங்க, இது தெளிவா இருக்கு, எனக்கு இதுதான் புடிச்சிருக்கு.

ஆனா தமிழ்ல ஆடறவங்களுக்கு வேற ஒரு சிக்கல் இதுல இருக்கு, அத இங்கிலீஷ்ல எழுதினவங்க யோசிச்சிருக்கவே முடியாது. 2014ல ஒண்ணு ரெண்டு வாக்கியத்துக்குள்ள சொல்லணும், 2024ல 25 வார்த்தைக்குள்ள சொல்லணும். எங்க டேபிள்ல ஒரு அம்மா ஆடறாங்க, காவக்காரன்கிட்ட அவங்க சொன்னது இது: "சாவிய எடுத்து கதவத் தொறந்துவிட்டுட்டு, மேல போயி மணியடிக்கறவன எழுப்பி கூட்டிக்கிட்டு, ரெண்டு பேருமா ஆத்தங்கரைக்குப் போயி விடியற வரைக்கும் மீன் புடிச்சுட்டு வாங்க." எண்ணிப் பாருங்க, 25 வார்த்தைக்குள்ளதான், வாக்கியமும் ஒண்ணுதான், முற்று வினை கடேசில ஒண்ணே ஒண்ணு, மத்ததெல்லாம் எச்சம். தமிழ்ல எச்சத்த கோத்துக்கிட்டே போனா வாக்கியம் முடியவே முடியாது, ஒரு வார்த்தைக்குள்ளயே மூணு வார்த்தை ஒட்டிக்கும். அப்போ எண்ணிக்கைய வச்சு தமிழ்ல வேலி கட்ட முடியாது. எண்ணிக்கை எதுக்கு வச்சாங்கன்னு பாத்தோம், ஒரு முழு நாள் திட்டத்த ஒருத்தர் தலைல எறக்கக்கூடாது, ஒரு காரியம்தான் சொல்லணும், அதுக்குத்தான். அதனால நாங்க முடிவு பண்ணினது, ஒரு காரியம், அந்தக் காரியத்துக்கு வேண்டிய படி எத்தன வேணா இருக்கலாம், ஆனா எல்லாம் ஒரே முடிவுக்குப் போவணும். அந்த அம்மா சொன்னதுல கதவு ஒரு காரியம், மீன் வேற காரியம், ஒண்ண எடுத்துக்கோங்கன்னேன், மீன எடுத்துக்கிட்டாங்க, காவக்காரன் சாவியோட ஆத்துக்குப் போயிட்டான், கதவ ஒடைச்சுதான் உள்ள போனோம்.

5ஆம் எடிஷன் விதிகள எழுதினதுல முக்கியமானவரு ஜெரமி கிராஃபோர்ட், அவரு சேஜ் அட்வைஸ்ங்கற விதிக் கேள்வி-பதில் பத்தில விதிய பாக்கற வழி மூணுன்னு பிரிச்சாரு, எழுதினபடி, எழுதினவங்க எண்ணினபடி, ஆடறவங்களுக்கு சந்தோஷமா இருக்கறபடி. நல்ல பிரிப்புதான், ஆனா நாம பல பேரு மூணாவதுல ஆரம்பிச்சுடறோம், அதுலதான் "டிஎம் ஒருத்தருக்கு ஒரு ஞாயம் பண்றாரு"ன்னு பேச்சு வருது. மொதல்ல எழுத்து, எழுத்து முடியற எடத்துல நோக்கம், அதுவும் முடிஞ்சா சந்தோஷம். அந்த வரிசைய மாத்தாதீங்க. அப்புறம் நீங்க சொன்ன ரூலிங் உங்க ராட்சசங்களுக்கும் பொருந்தணும், அவங்க மேல பட்டது உங்க பிளேயர் மேலயும் படும், இத சத்தமா சொல்லிட்டு ரூலிங் குடுங்க. நுரையீரல் கேட்ட கிளெரிக்கிட்ட "சரி, அடுத்த வாரம் கோப்ளின் பூசாரி இத உனக்கு பண்ணுவான், சம்மதமா"ன்னு கேட்டா அவரே யோசிப்பாரு.

கடேசியா, செத்துப் போன ரோக். உங்க ரூலிங் தப்புன்னு நான் சொல்லல, ஆனா அது வந்த நேரம் தப்பு. டைஸ் உருண்டதுக்கு அப்புறம் "மூலைய சுத்தி வரும்"னு சொல்லியிருக்கீங்க. அந்த விசார்ட் வருஷக்கணக்கா படிச்சு அந்த ஸ்பெல்ல கத்துக்கிட்டவ, நெருப்பு எங்க வரைக்கும் போவும்னு அவளுக்குத் தெரியாமலா போடுவா? கேரக்டருக்குத் தெரிஞ்ச விஷயத்த பிளேயருக்கு டிஎம்தான் சொல்லணும், "போடறதுக்கு முன்னாடி சொல்றேன், அங்க போட்டா ரோக் மேலயும் படும், போடறீங்களா வேணாமா"ன்னு ஒரு வார்த்தை. அத சொல்லாம விட்டதால அவங்க தேர்ந்தெடுக்காத ஒண்ணுக்கு அவங்க பழி சொமக்கறாங்க, கூட்டாளிய கொன்னவங்கன்னு.

அதனால இந்த ஞாயித்துக்கிழமை அஞ்சு பேரையும் கூப்புடுங்க, எந்த புக்குன்னு பேசி ஒண்ண முடிவு பண்ணுங்க, ஒரு நோட்டுல எழுதி வைங்க, மொதல் பக்கத்துல ஃபயர்பால் எப்படி அளக்கறதுன்னு. அப்புறம் அந்தச் சண்டைய அதே எடத்துக்கு திருப்புங்க, விசார்ட் கைய தூக்கற நிமிஷத்துக்கு, ரோக் மூலைக்கு அந்தப்பக்கம் உயிரோட இருக்கட்டும், நெருப்பு எது வரைக்கும் வரும்னு சாக்பீஸ்ல வரைஞ்சு காட்டிட்டு, புள்ளி எங்க வைக்கறீங்கன்னு அந்தப் பொண்ணுகிட்ட கேளுங்க.